இப்போதைக்கு ஓடுது

எங்கள் ஊரில் அவரைக் கரிநாக்கு என்று சொன்னவர்கள் உண்டு. அது அநியாயம். அவர் யாருக்கும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தைதான் சொல்லமாட்டார். ஒரு வேலை முடிந்ததும் மற்றவர்கள் வாயிலிருந்து தானாக வந்து விழும் 'சரியாயிடுச்சு' அவர் வாயிலிருந்து மட்டும் வராது. 'இப்போதைக்கு ஓடுது' என்பார். நீங்கள் தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது. இந்தக் குணத்தால் அவர் பெற்ற மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நான். அதனால் எனக்கு அவர்மேல் இருந்த கோபமும் லேசுப்பட்டதல்ல.

மலேசியாவின் தங்காக்கில், துணிக்கடை வரிசையில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் என் கடை. ரவிக்கைக்குக் கம்ப்யூட்டரில் பூவேலை டிசைன் போட்டு மெஷினில் தைத்துக் கொடுக்கிறேன். கீழே சேலை எடுப்பவர்கள் மூச்சு வாங்க மேலே ஏறி வருவார்கள். அவர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை பார்த்தார். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் தெரிந்தவர்களின் கம்ப்யூட்டர், பிரிண்டர், சில சமயம் மிக்சிகூடப் பார்த்துக் கொடுப்பார். அவர் ஊரை விட்டுப் போய் இப்போது சில வருஷங்கள் ஆகின்றன.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச் லைட். பாலில்லாத தே ஓ கொடுத்தால் சீனியும் வேண்டாம் என்பார். வேலை முடிந்ததும் கிளம்ப மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, உலையில் சோறு பொங்கிவிடுமோ என்று பார்க்கிறவர் மாதிரி மெஷினைப் பார்த்தபடி நிற்பார். தெரியாதவர்கள் இன்னொரு தே ஓ வேண்டும் போலிருக்கிறது என்று கலக்கிக்கொண்டு வருவார்கள். அதையும் குடிப்பார்.

நான் அவரை முதலில் கூப்பிட்டது என் பழைய கம்ப்யூட்டரால். அதில் இருந்த சிஸ்டம் காலாவதியாகிவிட்டது, இனிமேல் டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். புதுசு வாங்க மனசில்லை. ஒரு கடையில் கொடுத்து மெமரியைக் கூட்டி, டிஸ்க்கை மாற்றி, புது சிஸ்டம் போட்டு வாங்கினேன். கடைக்காரர் "சியாப் லா அக்கா!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் முடிந்தது என்று நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

கொண்டுவந்து மாட்டினால் எழுத்தெல்லாம் கட்டைவிரல் அளவு இருக்கிறது. படம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ரோஜாப்பூ முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தால், கிராஃபிக்ஸ் இல்லை என்று ஒரு வரி வந்து அதுவே மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, யோங் பெங்கிலிருந்து ஒரு அக்கா மூத்த மகளின் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கும் நாத்தனார்களுக்கும் சேர்த்து ரவிக்கை கொடுத்திருந்தார். ஒரு ரவிக்கைக்குக்கூட இன்னும் ஊசி இறங்கவில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். எதையோ திறந்து, மஞ்சள் நிற ஆச்சரியக்குறியைக் காட்டினார்.

"உள்ள இருக்கிற டிஸ்ப்ளே கார்டு பழசு தங்கச்சி. சிஸ்டம் புதுசு. ரெண்டுக்கும் நடுவுல பேச ஒரு ஆள் வேணும். அதான் டிரைவர். இந்தக் கார்டு செஞ்சவன் இதுக்கு இனிமே ஆள் அனுப்ப மாட்டேன்னு எப்பவோ கை கழுவிட்டான். சிஸ்டம் சும்மா கெடந்த ஒரு ஆள புடிச்சு உக்கார வச்சிருக்கு. அவனுக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும்."

"இப்ப என்ன பண்றது அண்ணே?"

"பழைய ஆளத் தேடிக் கூட்டிட்டு வரணும்."

முந்தின சிஸ்டத்துக்காகக் கடைசியாக வந்த டிரைவரை எங்கிருந்தோ தேடி இறக்கினார். இருந்ததை முதலில் சுத்தமாக எடுத்தார். நிறுத்தினார், திறந்தார், மறுபடி நிறுத்தினார். ஒரு கட்டத்தில் திரை முழுக்கக் கறுத்துப்போனது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரை விழித்தது. சாஃப்ட்வேர் திறந்தது. என் ரோஜா, இதழ் இதழாக, நான் போட்டது போட்டபடி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலை எவ்வளவு தூரம் என்று பார்த்துப் போக வந்த யோங் பெங் அக்கா அப்போது என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சரியாயிடுச்சுங்களா?"

"இப்போதைக்கு ஓடுதுங்க."

"இப்போதைக்குன்னா? எங்க கல்யாணம் வரைக்கும் ஓடுமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கல்யாணத் துணி கிடக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா இது? அவர் கை மெதுவாகத் துணிப் பையின் பக்கம் போனது. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"அலமாக், அவரு அப்படித்தான் பேசுவாரு அக்கா. மனசுல வச்சுக்காதீங்க. எல்லாம் நல்லாயிடுச்சு" என்று நான் அவருக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டு அவரைப் பார்த்து முறைத்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பழையபடி முட்டைக்கோஸ். நான் போனை எடுப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம். கடையில் தாபாவ் கட்டி வாங்கின நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு அவர் நின்றார்.

"திரும்ப வந்துருச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் வந்தேன்."

சிஸ்டம் தானாகவே அப்டேட் என்று போய், அவர் கூட்டிவந்த ஆளை எழுப்பிவிட்டு, தன் ஆளை உட்கார வைத்திருந்தது. அப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தி வைத்தார். பழைய டிரைவர் மறுபடி ஏறியது. "இப்ப?" என்றேன். "தையல் போடுங்க" என்றார்.

"படம் நல்லாத்தானே தெரியுது அண்ணே?"

"சும்மா தொறந்து வச்சுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வேல செய்யறப்ப பாக்கணும்."

போட்டேன். பூவேலை மெஷின் ஓடத் தொடங்கிய உடனே திரை சிமிட்டியது. போச்சுடா, மறுபடி டிரைவர் என்று தலையில் கை வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, துணி மூட்டைகளுக்குப் பின்னால் போன வயரைப் பிடித்துக்கொண்டே போனார். மெஷினும் திரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தன. அதுவும் ஆட்டம் கண்ட எக்ஸ்டென்ஷன். திரையின் வயரை எடுத்துச் சுவரில் மாட்டினார். பிறகு ஒரு முழு ரோஜா தைத்து முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று அவர் வேலைக்கு லேட்.

ரவிக்கைகள் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன. யோங் பெங் அக்காவுக்கு வாயெல்லாம் பல். கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு மக்கர் பண்ணவேயில்லை. இருந்தும் அவர் பசாருக்கு வரும்போதெல்லாம் மாடியேறி வந்து எட்டிப் பார்ப்பார். "ஓடுதா?" என்பார். "ஓடுது" என்றால் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார்.

அவர் எப்போதும் சரியாகவே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில், அதாவது அவர்கள் மாதா கோயிலில், பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் புரொஜெக்டர் அவர் பொறுப்பு. ஈஸ்டர் பூசைக்கு முன்னால் ஃபாதர் "எல்லாம் ரெடியா?" என்று கேட்க, "இப்ப வரைக்கும் ரெடி ஃபாதர்" என்றிருக்கிறார். அதோடு விடாமல், நின்றுபோனால் இருக்கட்டும் என்று அத்தனை பாட்டையும் தாளில் அடித்துக் கட்டுக் கட்டாகப் பின்வரிசையில் அடுக்கி வைத்துவிட்டார். புரொஜெக்டர் ஜம்மென்று ஓடியது. அந்தத் தாள்களெல்லாம் கடைசியில் என் கடைக்கு வந்தன. ஒரு வருஷம் அல்லேலூயாவின் முதுகில்தான் நான் ரவிக்கை அளவு எழுதினேன்.

அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "எங்க கல்யாணத்துல ஃபாதர், சாகிற வரைக்கும் இவங்கள பாத்துக்குவீங்களான்னு கேட்டாங்க. இவரு கொஞ்சம் யோசிச்சாரு தெரியுமா? கோயிலே திரும்பிப் பாத்துச்சு."

"யோசிச்சுத்தானே சொன்னேன்" என்றார் அவர்.

அவர்களுக்கு ஒரே மகள். ஜெசிந்தா. பாலர் பள்ளியில் டீச்சர். அப்பாவுக்கு நேர் எதிர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், நல்ல சிரிப்பு. என் கடைக்கு ஒருநாள் ரவிக்கை அளவு கொடுக்க வந்தவளை, அக்கடா என்று உட்கார்ந்திருந்த யோங் பெங் அக்கா மேலும் கீழும் பார்த்தார். அவள் இறங்கிப் போன கையோடு, "எங்கள மாதிரி மாதா கோயில் பொண்ணா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு மகன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை, எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் ரூம் எடுத்து இருக்கிறான். குனிந்த தலை நிமிராத பையன் என்று எல்லா அம்மாவும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். இந்தப் பையன் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பையனும் பெண்ணும் ரெண்டு வாரம் போனில் பேசினார்கள். ஜெசிந்தாவின் முகமே மாறிப்போனது.

ஒரே ஒரு விஷயம் இருந்தது. ஜெசிந்தாவுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. சின்ன வயதில் ஆபரேஷன் செய்து மூடிவிட்டார்கள். இதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை, முதலிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"இப்ப சரியாயிடுச்சு இல்ல?"

"பள்ளிக்கூடத்துல அம்பது பிள்ளைங்கள மேய்க்கிறா. நீங்களே பாருங்களேன்."

"பாத்தேன். இருந்தாலும் பெத்த அப்பா வாயால ஒரு வார்த்த கேட்டுக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அது போதும்."

யார் வாயால் எந்த வார்த்தையைக் கேட்கப் போகிறார்!

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் நான் நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்வாங்க. நான் பொய்கூடக் கேக்கல அண்ணே. டாக்டர் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லிருங்க. சரியாயிடுச்சு. அவ்வளவுதான்." அண்ணியும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

வந்தார்கள். கேசரி வந்தது, காப்பி வந்தது. கால நேரம், கோயில் விஷயம், சிங்கப்பூர் பாலத்தில் ஜாம் என்று பேச்சு நல்லபடியாக ஓடியது. பிறகு யோங் பெங் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பொண்ணுக்கு உடம்பெல்லாம் இப்ப சரியாயிடுச்சு இல்லீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அண்ணி அவரைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற ஜெசிந்தாவும் அவரைத்தான் பார்த்தாள்.

"இப்போதைக்கு நல்லா இருக்காங்க, பொண்ணு."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க. வருஷா வருஷம் போய்ப் பாத்துட்டு வர்றோம்."

"அதாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொன்னதுதாங்க. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

நல்ல காரியம் பேசுகிற இடத்தில் அந்த வார்த்தை விழுந்ததும் மற்ற தட்டுகளும் கீழே இறங்கின. பையனின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பையன் மட்டும் தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். யோசிப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா.

கார் போனதும் நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, உங்க பிள்ள என்ன கம்ப்யூட்டரா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி அழ ஆரம்பித்தார். ஜெசிந்தா அழவில்லை. காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"ஒரு வார்த்ததானே அப்பா. எனக்காகக்கூட வரமாட்டேங்குது, இல்ல?"

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு அவளிடம்தான் சொன்னார், நாங்கள் அங்கே இல்லாத மாதிரி.

"ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் சரியாயிடுச்சுன்னாரு. நானும் ஊரெல்லாம் போய் சரியாயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு சொன்னேன். அவ்வளவு சந்தோஷம். செக்கப்புக்கு வரச் சொன்னாங்க. ஃபேக்டரில ஓவர்டைம் இருந்துச்சு. அதான் சரியாயிடுச்சேன்னு போவல. அடுத்த தடவையும் போவல. ஸ்கூல் விளையாட்டுப் போட்டில நீ ஓடுறப்ப விழுந்துட்ட. டீச்சருங்க வெயில் மயக்கம்னு நெனச்சு மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் நெஞ்சத் தொட்டுப் பாக்கல. ஏன்னா, சரியாயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சதும் நான்தான்."

ஜெசிந்தா தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த வார்த்தய சொல்லிட்டா அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா. இங்க இருக்கிற வரைக்கும் நான் பாப்பேன். அங்க போனப்புறம் யாரு பாப்பா?"

இதைக் கேட்டதும் என் கோபம் பறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பாதிதான் போனது. அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன செய்ய? அந்தப் பெண் அன்று கட்டியிருந்த சேலையின் மடிப்புகூடக் கலையவில்லை, வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒரு மனுஷன் தன் பயத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்கலாமா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஜெசிந்தா அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. அவரும் மாடியேறி எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் யோங் பெங் அக்கா போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார்.

"என்ன மனுஷன் லா அவரு? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட யாராச்சும் இப்படிப் பேசுவாங்களா? என் வீட்டுக்காரரு வேணவே வேணாம்னுட்டாரு."

"நான் என்ன சொல்றது அக்கா, மன்னிச்சிருங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? கேளு. எங்க வீட்டுல ஒரே சண்ட. பையன் வாயே தொறக்காதவன், அவங்கப்பாகிட்ட எதுத்துப் பேசுறான். அந்த அங்கிள் ஒருத்தருதான் என்கிட்ட உண்மைய சொன்னாருங்கிறான். இப்ப என்னடான்னா, அடுத்த செக்கப் எப்போன்னு கேட்டுச் சொல்லணுமாம். இப்பவே சொன்னாத்தான் லீவு எடுக்க முடியுமாம்."

"கேட்டுச் சொல்றேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஜெசிந்தா மறுபடி என் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. பையனின் அப்பா ஒருவழியாக இறங்கி வந்துவிட, கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், உடனே பேச்சு வந்து இறக்கிவிடுவாள். அவளும் அப்பாவும் அந்தப் பையனுமாக மூன்று பேரும் செக்கப்புக்கு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கதை.

"டாக்டர் பாத்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னாங்க ஆன்ட்டி. வழக்கமா அதுக்கப்புறம்தான் அப்பா ஆரம்பிப்பாரு. அது என்ன, இது என்னன்னு டாக்டர விடவே மாட்டாரு. அன்னிக்கு அப்பா வாயத் தொறக்கிறதுக்குள்ள இவரு ஆரம்பிச்சுட்டாரு. படி ஏறுனா மூச்சு வாங்குனா என்ன பண்ணணும், எது வந்தா ஒடனே கூட்டிட்டு வரணும், நாளைக்குக் குழந்த உண்டானா யார்கிட்ட காட்டணும். எனக்கு வெக்கமா போச்சு. டாக்டரே சிரிச்சிட்டாங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாரு. கீழ வந்ததும் கார் சாவிய எடுத்து இவர்கிட்ட குடுத்துட்டாரு. நீங்க ஓட்டுங்கன்னு சொல்லிட்டு, பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு. நான் சின்னப் பிள்ளையில இருந்து செக்கப்புக்குப் போறப்ப அப்பாதான் ஓட்டுவாரு. வேற யாருக்கும் குடுத்ததில்ல. நானும் ஹைவே ஏறுறப்ப ஏதாச்சும் சொல்வாருன்னு திரும்பிப் பாக்குறேன், தூங்கிட்டாரு ஆன்ட்டி. வாயத் தொறந்துகிட்டு, கொறட்ட வேற. ஆயர் ஹீத்தாம், யோங் பெங், எது வந்துச்சு, எது போச்சு, ஒண்ணும் தெரியாது அவருக்கு."

அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வீட்டு வாசல்ல வண்டிய நிப்பாட்டியாச்சு. எழுப்பவான்னு இவரு கேட்டாரு. வேணாம்னேன். எஞ்சின அணைக்காம, ரெண்டு பேரும் அப்படியே திரும்பி உக்காந்து அப்பாவ பாத்துகிட்டு இருந்தோம்."